பூட்டாமல் விட்ட வரைபடம்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலையில் முதல் போனே வசவோடு வந்தது.

"கிரெத்தெல், உங்க மேப்பு நேத்தும் நாலு மணிக்கு மண்டையப் போட்டுருச்சு. பூனைக்கு ஊசி போட வந்த அம்மா எங்க போய் நின்னாங்க தெரியுமா? கல்லறைத் தோட்டத்துல! பூனைக்கு இன்னும் அவ்வளவு முத்தலைம்மா!"

"மன்னிச்சுக்குங்க, தோன் ஹசிந்தோ. இன்னைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னீங்க."

'தோன்' என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டும் கால்நடை டாக்டர் போனை வைத்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 'அத்திமரம் இருந்த இடத்திலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே' என்று விலாசம் எழுதுகிற ஊர் எரேதியா. அந்த மரத்தை வெட்டி முப்பது வருஷம் ஆகிறது. வெளியூர்க்காரர் எங்கே போய் நிற்பார்? அதனால்தான் கடைக்காரர்களின் இணையப் பக்கத்தில் வரைபடம் பதித்து, அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுக்கும் தொழில் கிரெத்தெலுக்குச் சோறு போட்டது. மொத்தம் நாற்பத்து மூன்று கடைகள்.

திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாளாக, சாயங்காலம் நாலு அடித்தால் நாற்பத்து மூன்று வரைபடங்களும் ஒரே நேரத்தில் சாம்பல் கட்டமாகிவிடுகின்றன. சனிக்கிழமை ஆகஸ்ட் பதினைந்து, அந்த நாட்டில் அன்னையர் நாள். பூக்கடையும் கேக் கடையும் வருஷம் பூராவும் காத்திருக்கும் நாள் அது. இன்றும் நாளையும் இப்படியே போனால் கிரெத்தெல் கடையை மூடிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

ஆனால் அவளை அரித்தது கடை இல்லை. இன்று மூன்று மணிக்குக் காபி குடிக்க வருவதாகச் சொல்லியிருந்த தம்பி ஒல்கெர்.

அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. பார்வா மலையில், இறந்துபோன அப்பா விட்டுச்சென்ற நிலத்தின் பத்திரம் அம்மாவின் அலமாரியிலிருந்து காணாமல் போனது மே மாதம் இருபதாம் தேதி. கிரெத்தெலின் கணவன் வார்னர், "நான் யாரையும் சொல்லல. ஆனா அலமாரிச் சாவி எங்க இருக்கும்னு ஒல்கெருக்குத்தான் தெரியும்" என்று சொன்னான். யாரையும் சொல்லாத பேச்சு அது. மறுநாள் ஒல்கெர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைநகர் சான் ஹோசேக்குப் போய், இதே தொழில் செய்யும் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அம்மா தோன்யா மயேலா மூன்று மாதம் கெஞ்சிய பிறகு இன்றைக்குத்தான் வர ஒப்புக்கொண்டிருக்கிறான்.

இன்றைக்கென்று பார்த்துத்தானா இந்தச் சாம்பல் கட்டம்?

"வார்னர், இங்க வாங்க. இதைப் பாருங்க."

வார்னர் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றான். கம்ப்யூட்டர் திரையில் வரைபடக் கம்பெனியின் கணக்கு திறந்திருந்தது.

விஷயம் இதுதான். வரைபடம் பக்கத்தில் தெரிய வேண்டுமானால் கம்பெனி தரும் நீண்ட எழுத்துச் சரம் ஒன்றை அந்தப் பக்கத்துக்குள் வைக்க வேண்டும். தொழிலில் ஏபிஐ கீ என்பார்கள். இந்த வீட்டில் அதற்குச் சாவி என்றே பேர். பக்கத்தின் பின்புறத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த யாரும் அந்தச் சாவியைப் படித்துவிடலாம். அதை ஒளிக்க முடியாது, பூட்டத்தான் முடியும். இன்னின்ன பக்கங்களில் மட்டும்தான் இது செல்லும் என்று கணக்கில் ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டால், வேறு எவன் எடுத்துப் போனாலும் அவனுக்கு அது வெறும் கிறுக்கல். கிரெத்தெல் அப்படித்தான் நாற்பத்து மூன்று பெயர்களை எழுதி வைத்திருந்தாள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் வரைபடம் வரக்கூடாது என்று உச்சவரம்பும் போட்டிருந்தாள்.

"பட்டியலைக் காணோம்" என்றாள்.

"என்னது?"

"நாப்பத்து மூணு பேரும் இல்ல. யாரோ மொத்தமா அழிச்சிருக்காங்க. சாவி திறந்து கெடக்கு. எவனோ நம்ம சாவியைப் போட்டு மேப்பு காட்டிக்கிட்டிருக்கான். நாலு மணிக்குள்ள பத்தாயிரமும் தீந்து போகுது."

"எப்ப அழிச்சிருக்கு?"

கிரெத்தெல் விரலால் காட்டினாள். மே பத்தொன்பது.

வார்னர் வாயிலிருந்த நுரையைத் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், "பத்தொம்பது... பத்திரம் தொலைஞ்சதுக்கு முந்தின நாள்."

"யாரு அழிச்சதுன்னு போட்டிருக்கா?" என்றும் கேட்டான்.

"எப்படிப் போடும்? நாம எல்லாரும் ஒரே பேருலதானே உள்ள போறோம்?"

அது உண்மை. ஆரம்பித்த நாளிலிருந்து கிரெத்தெல், வார்னர், ஒல்கெர் மூன்று பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். செத்துப்போன நாய் கனேலாவின் பெயரும் அது பிறந்த வருஷமும். குடும்பத்துக்குள் என்ன தனித்தனிப் பூட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவளே கிரெத்தெல்தான். இப்போது யாரைப் பிடிப்பது?

"நான் யாரையும் சொல்லல" என்றான் வார்னர். "ஆனா புதுக் கம்பெனிக்குப் போறவன் கையோட ஒரு சாவியை எடுத்துட்டுப் போனா, பூட்டைத் திறந்து விட்டுட்டுத்தான் போவான்."

தம்பி அப்படிச் செய்பவன் இல்லை என்று கிரெத்தெலுக்கு அடித்துப் பேச ஆசைதான். ஆனால் கை கீபோர்டுக்குத்தான் போனது.

"இப்பவே நாப்பத்து மூணு பேரையும் திரும்ப எழுதிப் பூட்டிடறேன்."

"அவசரப்படாத கண்ணு." வார்னர் அவள் தோளில் கை வைத்தான். "ஏதாவது ஒரு கடை பேர் விட்டுப் போச்சுன்னா பண்டிகை நேரத்துல அவனும் சாம்பல். புதுச் சாவி ஒண்ணு வாங்கி, ஒவ்வொரு பக்கமா மாத்திட்டு, பழசை திங்கட்கிழமை மூடிக்கலாம். அதுதான் முறை."

முறை என்னவோ அதுதான். தொழில் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நாற்பத்து மூன்று பக்கங்களில் சாவி மாற்றி முடிக்க மூன்று நாள் ஆகும், அதற்குள் அன்னையர் நாள் போய்விடும் என்று அவள் வாயெடுப்பதற்குள் வார்னரின் செல்போன் அடித்தது. அவன் திரையைப் பார்த்துவிட்டு, "பிளம்பர்" என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்கு நடந்தான்.

குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. அந்தப் பிளம்பரும் தினமும் ரெண்டு தடவை பேசுகிறான், வந்தபாடில்லை.

கிரெத்தெல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வரைபடம் எத்தனை தடவை வரவழைக்கப்பட்டது என்று காட்டும் கோடு ஒன்று ஓடியது. பகலில் ஏறி, இரவில் இறங்க வேண்டிய கோடு. திங்களிலிருந்து அது இரவிலும் தரையைத் தொடவில்லை. எல்லாரும் தூங்கும் நேரத்திலும் நிமிஷத்துக்கு ஆறு, நிமிஷத்துக்கு ஆறு என்று நேராகப் போயிற்று.

ஊர் தூங்கினாலும் திருடன் தூங்குவதில்லை போலிருக்கிறது என்று கசப்பாக நினைத்துக்கொண்டாள்.

*

மதியம் ரெண்டு மணிக்கு வழக்கம்போல மழை பிடித்தது. சமையலறையில் தோன்யா மயேலா இளஞ்சோளத்தை அரைத்து அடை வார்த்துக்கொண்டிருந்தாள். சொர்ரெயாதா என்னும் அந்த அடை என்றால் ஒல்கெர் ஆறு தின்பான். பன்னிரண்டு வார்த்திருந்தாள்.

"அம்மா, அவன் ஒருத்தன்தானே வர்றான்?"

"மூணு மாசமா தின்னாம இருந்தவனாச்சே!" என்றாள் அம்மா. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "இந்த மூஞ்சியோட அவன் முன்னாடி வந்து நிக்காத. என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. கடை விஷயம்."

"கடை விஷயத்தைக் கடையோட வெச்சுக்க. எனக்கு சனிக்கிழமைக்குப் பூவும் வேணாம், கேக்கும் வேணாம். ரெண்டு பிள்ளைங்களும் ஒரே மேஜையில உக்காந்தா போதும்."

கிரெத்தெல் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் வார்னர் குடையை எடுத்துக்கொண்டான். "ரொட்டி வாங்கிட்டு வரேன். அக்காவும் தம்பியும் பேசுற இடத்துல நான் எதுக்கு?"

எவ்வளவு நல்ல மனசு என்று அந்த நேரத்தில் கிரெத்தெலுக்குத் தோன்றத்தான் செய்தது.

ஒல்கெர் நனைந்து வந்தான். கையில் ஒரு கேக் பெட்டி. இளைத்திருந்தான். முன்னறையில் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, உன் மேப்பெல்லாம் செத்துப் போச்சாமே? ஊரே பேசுது."

அந்த ஒரு சிரிப்பு போதும், அவளுக்கு ஆத்திரம் மூண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பூக்கடைக்காரம்மா என்கிட்டே கேட்டாங்க, உன் அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு."

"கேட்டாங்களா, இல்ல நீ போய் உன் கம்பெனிக்குக் கடை புடிக்கப் பாத்தியா?"

ஒல்கெரின் சிரிப்பு நின்றது. கேக் பெட்டியை மேஜையில் வைத்தான். "நேராவே கேளு."

"மே பத்தொம்பது நீதானே பட்டியலை அழிச்ச?"

"எந்தப் பட்டியலை?"

அவள் திரையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். முதலில் தேதியை, பிறகு அந்தக் கோட்டை. கோட்டை நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, இதைப் பாத்தியா? நிமிஷத்துக்கு ஆறு. நடு ராத்திரியும் ஆறு. மனுஷங்க பாத்தா இப்படி இருக்காது. எங்கயோ ஒரு மெஷின் பத்து செகண்டுக்கு ஒரு தடவை மேப்பைத் திரும்பத் திரும்ப வரவழைச்சுக்கிட்டு இருக்கு. நான் இப்படி எழுதுவேனா? யாரு எழுதுவாங்கன்னு உனக்கு நல்லாத் தெரியும்."

"பேச்சை மாத்தாத!"

"நான் மாத்தல. அத்தான் எங்க?"

"அவரை எதுக்கு இழுக்கற? எது தொலைஞ்சாலும் நீ அவரைத்தான் காட்டுவ. பத்திரம் போனப்பவும் அப்படித்தான் காட்டின."

"காட்டினேன். நீ கேக்கல." ஒல்கெரின் குரல் இறங்கியது. "அப்பா நிலத்துப் பக்கம் ஒரு தடவையாவது போய்ப் பாத்தியா, அக்கா? புதர் மண்டிக் கெடக்குன்னு அத்தான் சொன்னாரு, நீ நம்பின. போய்ப் பாத்தியா?"

"எனக்கு நிலம் வேணாம். என் சாவியை என்ன பண்ணினன்னு சொல்லு. ஒப்புக்கோ, அம்மாகிட்ட சொல்லாம விட்டுடறேன்."

அது அவளே எதிர்பாராமல் வந்த வார்த்தை. வந்த பிறகு திரும்ப எடுக்கவும் முடியவில்லை.

ஒல்கெர் அக்காவையே பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "மூணு மாசம் ஆகியும் நான் திருடனாத்தான் தெரியறேனா உனக்கு?"

சமையலறை வாசலில் தோன்யா மயேலா காபிக் கோப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"தம்பி, காபி..."

"வேணாம்மா."

ஊற்றிய காபியைக் குடிக்காமல் அந்த வீட்டிலிருந்து யாரும் இதுவரை எழுந்து போனதில்லை. ஒல்கெர் அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனான். அம்மா கிரெத்தெலை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

*

கிரெத்தெல் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் போகிறான், நிரூபித்துக் காட்டுகிறேன் என்று நோட்டை எடுத்தாள். வார்னர் திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. பொறுக்க முடியவில்லை. நோட்டிலிருந்த கடைப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பூக்கடை, தோன் ஹசிந்தோ, கேக் கடை, செருப்புக் கடை... நாற்பத்து மூன்றாவது பெயரைத் தட்டியதும் ரெண்டு தடவை சரிபார்த்தாள். ஒன்றுகூட விடவில்லை.

சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். ஐந்து நிமிஷத்தில் பூட்டு விழும். பட்டியலில் இல்லாத எவன் பக்கத்திலும் வரைபடம் சாம்பலாகும். எவனுக்கு வலிக்கிறதோ அவன் கத்துவான். ஒல்கெரின் கம்பெனி கத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்.

மூன்றே முக்கால். தோன் ஹசிந்தோவின் பக்கத்தைத் திறந்தாள். சிவப்புப் புள்ளியோடு வரைபடம் பளிச்சென்று இருந்தது. கேக் கடையும் இருந்தது. கணக்கில் ஓடிக்கொண்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிஷத்துக்கு ஆறு, நிமிஷத்துக்கு ஆறு. பிறகு அந்த ஆறும் மறுக்கப்பட்டவை என்ற இடத்தில் போய் விழ ஆரம்பித்தன.

மாட்டிக்கொண்டான்.

அப்போது பக்கத்து மேஜையில் போன் அடித்தது. வார்னரின் செல்போன். சார்ஜரில் போட்டவன் ரொட்டி வாங்கும் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தான். திரையில் 'பிளம்பர்' என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது, ஒழுகும் குழாயின் எரிச்சலையெல்லாம் சேர்த்து அவனைக் கேட்டுவிடுவது என்று கிரெத்தெல் எடுத்தாள்.

"ஹலோ, எப்பத்தான்..."

"தோன் வார்னர் இல்லீங்களா?" ஒரு பெண் குரல். பின்னால் மழைச் சத்தம். "நான் யாமிலெத் பேசறேன், கபின்லேர்ந்து. நீங்க அவரோட ஆபீஸுங்களா?"

கபினா? மலையில் வாடகைக்கு விடும் மர வீடுகளைத்தான் கபின் என்பார்கள். பிளம்பருக்கு அங்கே என்ன வேலை?

கிரெத்தெல் போனை மறு காதுக்கு மாற்றினாள். "ஆமா. ஆபீஸ்தான். சொல்லுங்க."

"நல்லவேளை எடுத்தீங்க! அவர் திங்கட்கிழமை மேஜையில ஒரு டேப்லெட் வெச்சுக் கொடுத்தாரில்ல, வர்றவங்களுக்கு வழி காட்டுறதுக்கு. ராத்திரி பகலா அணைக்காதீங்கன்னு சொன்னாரு, நானும் அணைக்கவே இல்ல. மூணு நாளா நாலு மணிக்குத்தான் மேப்பு சாம்பலாகும், இன்னைக்கு அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. ரெண்டு கார்க்காரங்க வழி தெரியாம மழையில நிக்கறாங்க. அவங்க போன்ல நம்ம கபின் பக்கத்தைத் திறந்தாலும் சாம்பலாத்தான் வருதாம்."

"எப்ப போச்சு?"

"இப்பத்தான். அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

கிரெத்தெலுக்குப் போன வருஷம் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வார்னர் செய்து கொடுத்த பக்கம் நினைவுக்கு வந்தது. பத்து செகண்டுக்கு ஒரு தடவை வரைபடம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். இப்படியா எழுதுவாங்க என்று சிரித்துக்கொண்டே திருத்தியவள் அவளேதான். ஒல்கெர் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தான்.

பட்டியலில் தன் கபின் பக்கத்தின் பெயரைச் சேர்த்தால் பெண்டாட்டி கண்ணில் படும் என்று, வார்னர் பட்டியலையே அழித்திருக்கிறான். தனிச் சாவி வாங்க வங்கி அட்டை கொடுக்க வேண்டும், அதன் கடிதம் வீட்டுக்கு வரும் என்று, அவள் சாவியையே எடுத்திருக்கிறான்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." பேனாவை எடுத்தாள். தன் குரல் இவ்வளவு நிதானமாக வருவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்தக் கார்க்காரங்களுக்கு நானே வழி சொல்றேன். விலாசம் சொல்லுங்க."

"பார்வாவைத் தாண்டி மேல வந்தா, பிரேனெஸ் காபிக் கொட்டகை இருந்த இடத்துலேர்ந்து நானூறு மீட்டர் மேல. நீலக் கதவு."

பேனா நின்றது.

காபிப் பழத்தை அளந்து வாங்கிய அந்தக் கொட்டகை இடிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிரேனெஸ் அவளுடைய அப்பாவின் குடும்பப் பெயர். அதிலிருந்து நானூறு மீட்டர் மேலே ஒரே ஒரு நிலம்தான் உண்டு.

"மேப்பு சீக்கிரம் வரணும்னு தோன் வார்னர்கிட்டச் சொல்லிடுங்கம்மா" என்றாள் யாமிலெத். "சனிக்கிழமை நிலத்தை வாங்குறவங்க பாக்க வர்றாங்களாம். அன்னைக்கு இப்படி ஆச்சுன்னா என்னைத் தின்னுடுவாரு."

"சொல்றேன்" என்றாள் கிரெத்தெல்.

போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். சார்ஜர் கம்பியைக்கூட முன்பிருந்த மாதிரியே வளைத்து வைத்தாள். தன் செல்போனை எடுத்து ஒல்கெரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அணைத்து வைத்திருந்தான்.

வாசல் கதவு திறந்தது. வார்னர் குடையை உதறி மூலையில் சாத்தினான். கையில் சூடு ஆறாத ரொட்டிப் பை.

"போய்ட்டானா?" என்றான் அனுதாபமாக. பிறகு மேஜையைப் பார்த்தான். "அட, போனை விட்டுட்டே போயிருக்கேன். யாராவது பேசினாங்களா?"

"பிளம்பர் பேசினாங்க."

வார்னரின் கை ரொட்டிப் பையில் நின்றது. "அப்படியா? என்ன சொன்னான்?"

"வழி கேட்டாங்க." கிரெத்தெல் தாளைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, வீடு முழுவதும் கேட்கும்படி படித்தாள். "பிரேனெஸ் காபிக் கொட்டகை இருந்த இடத்துலேர்ந்து நானூறு மீட்டர் மேல. நீலக் கதவு. சரிதானே வார்னர்?"

அவன் சார்ஜரிலிருந்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

சமையலறையிலிருந்து தோன்யா மயேலா வந்தாள். தொடாத சொர்ரெயாதாக்களைத் துணி போட்டு மூடிய தட்டு இன்னும் அவள் கையில் இருந்தது.

"அது நம்ம நிலமாச்சேடி" என்றாள். "அங்க யாரு இருக்கா?"

கிரெத்தெல் கணவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதைத்தாம்மா தம்பியும் கேட்டான்" என்றாள். "நான்தான் காதுல வாங்கல."